ஆங்கிலத்தில் ‘ஹீ’ யார், ‘இட்’ எது? பிரதிப்பெயர்களைக் குழப்பமில்லாமல் எழுதும் முறை

“முருகன் டோல்ட் செல்வம் தட் ஹீ ஹேட் லாஸ்ட் ஹிஸ் கீ.” இலக்கணப்படி இந்த வாக்கியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சாவியைத் தொலைத்தது யார்? தொலைந்தது யாருடைய சாவி? தொலைத்தவன் முருகனாக இருக்கலாம், செல்வமாகவும் இருக்கலாம். சாவியும் அப்படியே. ஆக ஒரே வாக்கியத்துக்கு நான்கு பொருள். முந்தைய வரியில் மூன்றாவது ஆள் ஒருவன் வந்திருந்தால் கணக்கு இன்னும் கூடும்.

இதையே தமிழில் “தன் சாவியைத் தொலைத்துவிட்டதாக முருகன் செல்வத்திடம் சொன்னான்” என்கிறோம். ‘தன்’ என்ற ஒரு சொல் சாவியை முருகனோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. செல்வத்தின் சாவி என்றால் ‘அவன் சாவி’ என்றோ ‘செல்வத்தின் சாவி’ என்றோ மாற்றிச் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் இந்தத் ‘தான், தன்’ கிடையாது. ‘ஹிம்செல்ஃப்’ இருக்கிறதே என்று தோன்றும். அது வேறு வேலைக்கு உரியது. “ஹீ ஹர்ட் ஹிம்செல்ஃப்” என்பது போல, செய்தவனும் செயலுக்கு ஆளானவனும் ஒருவனே என்று சொல்லத்தான் அது உதவும். ‘தட்’டுக்குப் பின்னால் வரும் துணைவாக்கியத்தில் எழுவாயாக அதை வைக்க முடியாது.

தமிழ் நமக்குத் தரும் இன்னொரு வசதி வினைமுற்று. ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தது’ என்று வினையே ஆளைக் காட்டிவிடுவதால், ‘அவன்’ ‘அது’ எதுவும் போடாமலே ஒரு பத்தி முழுவதும் எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்ற வினையை மட்டும் வைத்துக்கொண்டு வந்தது யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. அந்தச் சுமை முழுவதும் ‘ஹீ, ஷீ, இட், தே’ என்ற நாலைந்து சின்னச் சொற்களின் தலையில் விழுகிறது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். இலக்கணப் புத்தகங்கள் பிரதிப்பெயர், ப்ரோநவுன் என்று பட்டியல் போட்டுக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. பட்டியல் எல்லோருக்கும் தெரியும். சிக்கல், எந்தச் சொல் எந்தப் பெயரைச் சுட்டுகிறது என்பதில்.

இங்கே ஆங்கில எடுத்துக்காட்டுகளை ஒலிக்கும்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். பழகும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

விடுபடுவதும் இரட்டிப்பதும்

முதலில் எளிய பிழைகளை முடித்துவிடுவோம். “ஐ பாட் த டிக்கெட் அண்ட் கேவ் டு ஹர்” என்று எழுதுவது, “டிக்கெட் வாங்கி அவளிடம் கொடுத்தேன்” என்பதன் நேரடி நிழல். தமிழில் எதைக் கொடுத்தேன் என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் “கேவ் இட் டு ஹர்” என்று சொல்லியே ஆக வேண்டும். கொடுத்தல், வாங்குதல், வைத்தல், அனுப்புதல், பிடித்திருத்தல் ஆகிய வினைகளைக் குறிக்கும் ‘கிவ், பை, புட், செண்ட், லைக்’ போன்றவற்றுக்குப் பின்னால் ‘எதை?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘இட்’ அல்லது ‘தெம்’ விடுபட்டிருக்கிறது.

எழுவாய் விடுபடுவதும் இதே காரணத்தால்தான். மழை பெய்கிறது என்பதற்கு “இஸ் ரெய்னிங்” என்று எழுதினால் வாக்கியம் தலையில்லாத முண்டம். எதையும் சுட்டாவிட்டாலும் இடத்தை நிரப்ப ஒரு ‘இட்’ வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழை “மை பிரதர் ஹீ வொர்க்ஸ் இன் எ பேங்க்.” ‘எங்க அண்ணன், அவர் பேங்க்ல வேலை பாக்கறார்’ என்று பேசுவது இயல்பு. எழுத்து ஆங்கிலத்தில் ஒரு வினைக்கு ஒரு எழுவாய் போதும், ‘ஹீ’யை அடித்துவிடுங்கள்.

மூன்றாவது, ஒருமை பன்மை. பேச்சுத் தமிழில் புத்தகம் ஒன்றானாலும் பத்தானாலும் ‘அது’தான், ‘அவை’ எழுத்துத் தமிழோடு நின்றுவிட்டது. அந்தப் பழக்கத்தில் “ஐ பாட் த்ரீ புக்ஸ். இட் வாஸ் குட்” என்று வந்துவிடும். “தே வேர் குட்” என்பதே சரி. அதே சமயம் ‘இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், எக்யுப்மெண்ட், அட்வைஸ், லக்கேஜ்’ எல்லாம் பொருளில் பலவாக இருந்தாலும் ‘இட்’ என்றே வரும். ‘நியூஸ்’ என்பதன் இறுதி ஒலியைக் கேட்டு ஏமாற வேண்டாம், அதுவும் ‘இட்’தான். ‘சிசர்ஸ்’ (கத்தரிக்கோல்), ‘ட்ரௌசர்ஸ்’ இரண்டும் ஒரே பொருளானாலும் ‘தே’.

விரல் வைத்துப் பார்க்கும் சோதனை

இனி முக்கியமான வேலை. ஒரு பிரதிப்பெயர் எந்தப் பெயருக்குப் பதிலாக நிற்கிறதோ அதை மூலப்பெயர் என்று வைத்துக்கொள்வோம். சோதனையை எழுதும்போது செய்யாதீர்கள், கை ஓடாது. எழுதி முடித்த பிறகு, முடிந்தால் அச்செடுத்து, ‘ஹீ, ஷீ, இட், தே, ஹிம், ஹர், தெம், ஹிஸ், இட்ஸ், தேர், திஸ், தட், தீஸ், தோஸ், விச், ஹூ’ எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். ‘ஐ’யையும் ‘யூ’வையும் விட்டுவிடலாம், அவை அநேகமாகக் குழப்புவதில்லை. (‘வீ’ குழப்பும், அதற்குத் தனியாக வருவோம்.)

ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் பின்னோக்கி ஒரு கோடு இழுத்து மூலப்பெயரைத் தொடுங்கள். கோடு போடும்போது நான்கு விதமான தடங்கல் வரும். தொட ஒரு பெயரே இல்லாமல் போகலாம். தொடக்கூடிய பெயர்கள் இரண்டு இருக்கலாம். பெயர் இருந்தும் ஒருமை பன்மையோ பாலோ பொருந்தாமல் இருக்கலாம். அல்லது பெயர் ஐந்தாறு வாக்கியம் தள்ளிப் போயிருக்கலாம். இரண்டாவதுதான் அதிகம் வருவதும் அதிகம் கெடுப்பதும்.

கோடு எங்கே போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியாது. வாசகர் பொதுவாக இரண்டு வழிகளில் ஊகிப்பார்: முந்தைய வாக்கியத்தின் எழுவாயைப் பிடிப்பார், அல்லது பக்கத்திலிருக்கும் பெயரைப் பிடிப்பார். இரண்டும் ஒரே பெயராக இருந்தால் தொல்லை இல்லை. “த மேனேஜர் கால்ட் த க்ளர்க் பிகாஸ் ஹீ நீடட் த ஃபைல்” என்பதில் எழுவாய் மேனேஜர், பக்கத்திலிருப்பவர் க்ளர்க். ஃபைல் தேவைப்பட்டது மேனேஜருக்கு என்று பலர் சரியாகவே ஊகிப்பார்கள். ‘நீடட்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஹேட்’ என்று போடுங்கள். உடனே கோடு க்ளர்க்குக்குத் தாவிவிடும். ஒரு வினை மாறியதில் ஆளே மாறிவிட்டார். பொருளை வைத்து வாசகர் ஊகித்துக்கொள்வார் என்று விடுவதில் உள்ள ஆபத்து இதுதான். ஊகம் சரியாக இருந்தாலும் அவர் ஒரு நொடி நின்றுதான் போகிறார்.

மூலப்பெயர் கண்ணில் படுவது போல இருந்து படாமல் போகும் இடங்களும் உண்டு. “இன் த டைரக்டர்ஸ் ரிப்போர்ட், ஷீ சேஸ்...” என்பதில் டைரக்டர் உடைமைப் பெயராக, ரிப்போர்ட்டுக்கு அடைமொழியாகத்தான் நிற்கிறார். “இன் ஹர் ரிப்போர்ட், த டைரக்டர் சேஸ்...” என்று திருப்பிவிட்டால் ஆள் எழுவாயாக எழுந்து நிற்பார். இன்னொன்று, மின்னஞ்சலின் தலைப்பு வரி. தலைப்பில் ‘ஏப்ரல் இன்வாய்ஸ்’ என்று போட்டுவிட்டு உள்ளே “இட் இஸ் அட்டாச்ட்” என்று தொடங்குகிறார்கள். தலைப்பு மூலப்பெயர் ஆகாது; பலர் அதைப் படிப்பதுகூட இல்லை. கட்டுரையின் துணைத்தலைப்புக்கும் இதே விதி. துணைத்தலைப்புக்கு அடுத்த முதல் வாக்கியத்திலும், புதிய பத்தியின் முதல் வாக்கியத்திலும் பெயரையே எழுதுங்கள்.

பிரதிப்பெயர் முன்னால் வந்து பெயர் பின்னால் வருவது ஆங்கிலத்தில் அனுமதிக்கப்பட்டதே. “வென் ஹீ அரைவ்ட், முருகன் சாட் டவுன்” என்றால் வந்தவனும் உட்கார்ந்தவனும் முருகனே என்று ஆங்கில வாசகர் எடுத்துக்கொள்வார். “அவன் வந்ததும் முருகன் உட்கார்ந்தான்” என்று தமிழில் படித்தால் இரண்டு பேர் தெரிவார்கள்! இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் ஆங்கிலம் படிக்கும்போதும் உதவும். எழுதும்போது, ஒரு சின்னத் துணைவாக்கியத்துக்கு மேல் பெயரைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு ‘ஹீ’ மோதும்போது

சாவி வாக்கியத்துக்குத் திரும்புவோம். அதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. எல்லாம் ஒரே தரமல்ல.

பெயரைத் திரும்ப எழுதுவது முதல் வழி. “முருகன் டோல்ட் செல்வம் தட் செல்வம் ஹேட் லாஸ்ட் த கீ” என்றால் பொருள் தெளிவு, காதுக்கு முரடு. ஒரே வாக்கியத்துக்குள் பெயர் இரட்டிக்கும்போதுதான் இந்த முரட்டுத்தனம். இரண்டு வாக்கியமாக உடைத்தால் அது போய்விடும்.

பேசியதைப் பேசியபடியே மேற்கோளில் தருவது இரண்டாவது. ‘முருகன் செட் டு செல்வம், “ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ.”’ அல்லது ‘“யூ ஹேவ் லாஸ்ட் மை கீ.”’ நான்கு பொருளில் எது வேண்டுமோ அதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடலாம். கதைக்கும் செய்திக்கும் இது நன்றாக வரும், அலுவலகக் குறிப்பில் நாடகம் போலத் தோன்றும். அங்கே மூன்றாவது வழியைப் பயன்படுத்துங்கள்: இருவரில் ஒருவரை வாக்கியத்திலிருந்து வெளியேற்றுவது. “முருகன் அட்மிட்டட் லூசிங் ஹிஸ் கீ.” செல்வத்திடம் சொன்னான் என்பது உண்மையிலேயே தேவையான செய்திதானா? பாதி நேரம் இருக்காது. ‘டோல்ட்’ என்ற மொட்டை வினையை எடுத்துவிட்டு ‘அட்மிட்டட்’ (ஒப்புக்கொண்டான்), ‘அக்யூஸ்ட்’ (குற்றம் சாட்டினான்), ‘வார்ண்ட்’ (எச்சரித்தான்), ‘ப்ராமிஸ்ட்’ (வாக்களித்தான்) என்று வினையைக் கூராக்கினாலே யார் யாருக்கு என்ன செய்தார் என்பது பாதி தெரிந்துவிடும். எங்கள் கணிப்பில் இதுவே சிறந்த வழி.

நான்காவது வழி, வாய்ப்பிருந்தால் ஒரு தரப்பைப் பன்மையாக்குவது. “த டாக்டர் ஆஸ்க்ட் த பேஷண்ட் இஃப் ஹீ குட் வெயிட்” என்பதில் குழப்பம். பொதுவான நடைமுறையைச் சொல்வதானால் “டாக்டர்ஸ் ஆஸ்க் எ பேஷண்ட்...” என்று ஒரு பக்கம் ‘தே’, ஒரு பக்கம் ஒருமை என்று பிரித்துவிடலாம்.

‘த ஃபார்மர்’, ‘த லேட்டர்’ (முன்னவர், பின்னவர்) என்று எழுதுவது ஐந்தாவது வழியாகச் சொல்லப்படுவதுண்டு. தவிர்ப்பது நல்லது. வாசகர் திரும்பிப் போய் யார் முதலில் வந்தார் என்று எண்ண வேண்டியிருக்கிறது. மூன்று பேர் இருந்தால் செல்லவே செல்லாது.

‘இட்’ என்னும் சுமைதாங்கி

ஆங்கிலப் பிரதிப்பெயர்களில் அதிகம் உழைப்பது ‘இட்’. பொருளைச் சுட்டும், மிருகத்தைச் சுட்டும், நிறுவனத்தைச் சுட்டும், வானிலைக்கும் நேரத்துக்கும் எதையும் சுட்டாமல் நிற்கும், “இட் இஸ் க்ளியர் தட்...” என்று பின்னால் வரும் செய்திக்கு முன்கூட்டியே இடம் பிடிக்கும். இவை ஒவ்வொன்றும் தனியாக வரும்போது சரி. ஒரே வாக்கியத்தில் கலந்தால்: “இட் இஸ் நோன் தட் இட் ஸ்டாப்ஸ் வென் இட் இஸ் ஹாட்.” முதல் ‘இட்’ வெறும் இடம்பிடிப்பு. இரண்டாவது எஞ்சின். மூன்றாவது? எஞ்சின் சூடானாலா, வெயில் அடித்தாலா? பழுது பார்க்க வந்தவர் எதைச் சரிசெய்வது? “த எஞ்சின் ஸ்டாப்ஸ் இன் ஹாட் வெதர்” என்றோ “த எஞ்சின் ஸ்டாப்ஸ் வென் இட் ஓவர்ஹீட்ஸ்” என்றோ எழுதினால் வாக்கியமும் சுருங்கும். வழி எளிது: ஒரு வாக்கியத்தில் இரண்டு ‘இட்’ வந்தால் இரண்டும் ஒரே பொருளையே சுட்ட வேண்டும். “இட் இஸ் க்ளியர் தட்”, “இட் ஷுட் பி நோட்டட் தட்” போன்ற முகப்புகளை அடித்துவிட்டால் பெரும்பாலான மோதல்கள் தீரும். அந்த முகப்புகள் இல்லாததால் யாரும் எதையும் இழப்பதில்லை.

செய்முறைக் குறிப்பு எழுதுபவர்கள் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். “டேக் த பேட்டரி அவுட் ஆஃப் த ரேடியோ அண்ட் டிரை இட்.” எதை உலர்த்துவது? பேட்டரியை என்று வினையின் செயப்படுபொருளைப் பிடிப்பவர் இருப்பார்; ரேடியோவை என்று பக்கத்துப் பெயரைப் பிடிப்பவரும் இருப்பார். கையில் கருவியை வைத்துக்கொண்டு குறிப்பைப் படிப்பவர், வரிசையாகப் படிப்பதில்லை. நான்காவது படியை மட்டும் எட்டிப் பார்ப்பார். அங்கே “ரிமூவ் இட்” என்றிருந்தால் முந்தைய மூன்று படிகளையும் தேடுவார், அல்லது தேடாமல் தவறானதைக் கழற்றுவார். அதனால் செய்முறைக் குறிப்பில் ஒவ்வொரு படியும் தன் பெயர்களைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். மருந்தளவு, மின்சாரம், பாதுகாப்பு தொடர்பான வரிகளில் பிரதிப்பெயரே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘த பேட்டரி, த பேட்டரி’ என்று ஐந்து முறை வந்தாலும் குற்றமில்லை.

தனியாக நிற்கும் ‘திஸ்’, எல்லாவற்றையும் சுட்டும் ‘விச்’

‘அது நியாயமில்லை’ என்று தமிழில் சொன்னால் ‘அது’ ஒரு பொருளாகவும் இருக்கலாம், நடந்த ஒரு செயலாகவும் இருக்கலாம். ஆங்கிலம் இங்கே வேலையைப் பிரித்துக்கொள்கிறது. “த கமிட்டி ரிஜெக்டட் த பிளான். இட் வாஸ் அன்ஃபேர்.” நியாயமற்றது திட்டம். “திஸ் வாஸ் அன்ஃபேர்” என்றால் நியாயமற்றது, நிராகரித்த செயல். பெயரைச் சுட்ட ‘இட்’, சற்றுமுன் சொன்ன செய்தியைச் சுட்ட ‘திஸ்’ என்பதைப் பொது வழக்காகக் கொள்ளலாம். ‘தட்’டும் செய்தியைச் சுட்டும், ஆனால் எழுதுபவர் அதிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும் தொனி அதில் இருக்கும்.

ஆனால் ‘திஸ்’ தனியாக நிற்கும்போது, முன்னால் இரண்டு மூன்று செய்திகள் இருந்தால் எதைச் சுட்டுகிறது என்பது தெரியாது. “த சர்வர் வாஸ் ரீஸ்டார்டட் ட்வைஸ், த லாக்ஸ் வேர் டிலீட்டட், அண்ட் நோ ஒன் இன்ஃபார்ம்ட் த யூசர்ஸ். திஸ் காஸ்ட் கம்ப்ளைண்ட்ஸ்.” புகார் வந்தது சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கியதாலா, பதிவுகளை அழித்ததாலா, சொல்லாமல் விட்டதாலா? மருந்து ஒரே ஒரு சொல். ‘திஸ்’ஸுக்குப் பின்னால் ஒரு பெயரைச் சேருங்கள்: ‘திஸ் சைலன்ஸ்’, ‘திஸ் டிலே’, ‘திஸ் டிலீஷன்’. எந்தப் பெயரைச் சேர்ப்பது என்று தெரியாமல் நீங்களே தயங்கினால், என்ன சொல்ல வந்தோம் என்பது உங்களுக்கே முடிவாகவில்லை என்று பொருள். இந்த இடத்தில் பிரதிப்பெயரைத் திருத்தப் போய் சிந்தனையைத் திருத்திக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கும். ‘திஸ் திங்’, ‘திஸ் ஃபேக்டர்’, ‘திஸ் சிச்சுவேஷன்’ என்று எதற்கும் பொருந்தும் பெயரைச் சேர்த்துத் தப்பிக்க வேண்டாம்.

‘விச்’ இதைவிடத் தந்திரமானது. தமிழில் ‘நேற்று வந்த கடிதம்’ என்று பெயரெச்சமாக முன்னால் வைத்துவிடுவதால் எந்தப் பெயருக்கு எந்த விளக்கம் என்பதில் சந்தேகமே எழாது. ஆங்கிலத்தில் விளக்கம் பெயருக்குப் பின்னால் வரும். ‘விச்’ தனக்கு முன்னாலிருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். “வீ செண்ட் எ ரிப்ளை டு த லெட்டர், விச் வாஸ் ரூட்.” மரியாதையில்லாமல் எழுதியது அவர்களா, நாமா? பதிலைக் குறை சொல்வதென்றால் “அவர் ரிப்ளை டு த லெட்டர் வாஸ் ரூட்” (‘அவர்’ இங்கே ‘எங்கள்’ என்னும் ஆங்கிலச் சொல்) என்று ‘விச்’சையே தவிர்த்துவிடுங்கள். பதில் அனுப்பிய செயலையே குறை சொல்வதென்றால் புதிய வாக்கியம் தொடங்குங்கள். ‘விச்’சுக்கு முந்தைய சொல்லும் அதன் மூலப்பெயரும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் பிழை அரிது.

‘வீ’ என்றால் நாமா, நாங்களா?

கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். தமிழ்ப் பிள்ளை பேசத் தொடங்கும்போதே கற்றுக்கொள்ளும் இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் கிடையவே கிடையாது. இரண்டுக்கும் ‘வீ’தான். எழுதும்போது மனத்தில் ‘நாங்கள்’ என்று தெளிவாக இருப்பதால், காகிதத்தில் அது காணாமல் போனது நமக்குத் தெரிவதில்லை.

ஒப்பந்தக் கடிதத்தில் “வீ வில் பியர் த காஸ்ட்” என்று வந்தால், எழுதியவர் தரப்பு மட்டும் செலவை ஏற்கிறதா, இரு தரப்பும் பகிர்கின்றனவா? “வீ நீட் டு ஃபிக்ஸ் திஸ் பை ஃப்ரைடே” என்ற மின்னஞ்சலைப் பெறுபவர், அவர்கள் சரிசெய்யப் போகிறார்கள் என்று காத்திருப்பார்; அனுப்பியவர், இவர் சரிசெய்வார் என்று காத்திருப்பார். வெள்ளிக்கிழமை போய்விடும்.

‘நாம்’ என்றால் ‘யூ அண்ட் ஐ’, ‘போத் ஆஃப் அஸ்’, ‘போத் டீம்ஸ்’, ‘வீ ஆல்’ என்று விரித்து எழுதுங்கள். ‘நாங்கள்’ என்றால் ‘அவர் டீம்’ (எங்கள் குழு), ‘த அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்’ என்று தரப்பின் பெயரைச் சொல்லுங்கள். ஒருமுறை பெயரைச் சொல்லிவிட்டால் அதே பத்தியில் பிறகு ‘வீ’ போடலாம். ஒப்பந்தங்களில் அதுவும் வேண்டாம், முழுக்கப் பெயரே இருக்கட்டும். கட்டுரையில் ‘வீ’ என்பது எழுதியவர்களா, மனித குலமா, வாசகரும் சேர்ந்தா என்று வாக்கியத்துக்கு வாக்கியம் மாறுவதும் உண்டு. “வீ மெஷர்ட்” என்று அளந்த ஆய்வாளர்கள் அடுத்த வரியிலேயே “வீ ஆல் ஃபியர் டெத்” என்று உலகமாக விரிந்துவிடக் கூடாது.

‘அவர்’ எப்போதும் ‘ஹீ’ அல்ல

‘அவர்’ என்ற சொல் ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். ஆங்கிலத்துக்குப் போகும்போது கை தானாக ‘ஹீ’ என்று எழுதிவிடுகிறது. மொழிபெயர்ப்பு மென்பொருள்களும் பல நேரம் அப்படியே செய்கின்றன. ஆள் ஆணா பெண்ணா என்று தெரியாதபோதோ, யாராகவும் இருக்கலாம் என்னும்போதோ இது தவறான தகவலாகிவிடும்.

மூன்று வழிகள் உண்டு. முழு வாக்கியத்தையும் பன்மையாக்குவது: “எவ்ரி ஸ்டூடண்ட் மஸ்ட் பிரிங் ஹிஸ் கார்டு” என்பதை “ஸ்டூடண்ட்ஸ் மஸ்ட் பிரிங் தேர் கார்ட்ஸ்” என்று. இதில் ஒரு சின்ன ஓட்டை: ஒவ்வொருவரும் எத்தனை அட்டை கொண்டுவர வேண்டும் என்று கேள்வி வரலாம். எண்ணிக்கை முக்கியமானால் “ஈச் ஸ்டூடண்ட் மஸ்ட் பிரிங் ஒன் கார்டு” என்று பிரதிப்பெயரையே எடுத்துவிடுங்கள். அது இரண்டாவது வழி. மூன்றாவது, ஒருமையிலும் ‘தே’ போடுவது: “இஃப் எனிஒன் கால்ஸ், டெல் தெம் டு வெயிட்.” பன்மைச் சொல்லை ஒருவருக்குப் போடுவதா என்று நாம் தயங்க வேண்டியதே இல்லை, பலர்பாலுக்குரிய ‘அவர்’ என்பதையே மரியாதைக்காக ஒருவருக்குப் போட்டுப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்திலும் இது புதுப் பழக்கமல்ல, 14-ஆம் நூற்றாண்டு எழுத்திலேயே இருக்கிறது. உளவியல், சமூக அறிவியல் ஆய்வேடுகள் பின்பற்றும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைக்கையேடு 2019-இல் வந்த 7-ஆம் பதிப்பில் இதை ஏற்றுக்கொண்டது. தம்மைத் ‘தே’ என்றே குறிப்பிடும்படி கேட்பவருக்கு அதையே எழுத வேண்டும் என்பதும் அதில் அடங்கும். வினை மட்டும் பன்மையாகவே இருக்கும்: ‘தே ஆர்’, ஒருபோதும் ‘தே இஸ்’ அல்ல. ‘அவர் வந்தார்’ என்பதுபோலத்தான்.

அதே ‘தே’ இன்னொரு இடத்தில் சோம்பேறித்தனமாக நுழையும். “இன் தட் ஆஃபீஸ் தே டோல்ட் மீ டு கம் டுமாரோ.” யார் சொன்னது? ‘சொன்னாங்க’ என்று பேசும்போது யாரும் கேட்க மாட்டார்கள்; புகார்க் கடிதத்தில் முதல் கேள்வியே அதுதான். “த கிளர்க் அட் த கவுண்டர் டோல்ட் மீ” என்று எழுதுங்கள். நிறுவனத்தை ‘இட்’ என்பதா ‘தே’ என்பதா என்றால், அமெரிக்க வழக்கு பெரும்பாலும் ‘இட்’. பிரிட்டிஷ் வழக்கில் இரண்டும் உண்டு. எதையாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை மாறாமல் இருங்கள். “த கம்பெனி ஹேஸ் சேஞ்ச்ட் தேர் பாலிசி” என்று வினை ஒருமை, பிரதிப்பெயர் பன்மை என்று எழுதினால் வாசகரின் கண் அங்கே இடறும்.

அளவுக்கு மீறிய மரியாதை

“பிளீஸ் காண்டாக்ட் மைசெல்ஃப்”, “மைசெல்ஃப் குமார்” இரண்டும் பணிவாக ஒலிப்பதாக நினைத்து எழுதப்படுபவை. ‘ஐ’ எழுவாயாக இருந்து செயல் அந்த ‘ஐ’க்கே திரும்பும்போது ‘மைசெல்ஃப்’ வரும், “ஐ டாட் மைசெல்ஃப்” என்பதுபோல. ‘நானேதான்’ என்று அழுத்திச் சொல்லும்போதும் வரும். மற்றபடி “பிளீஸ் காண்டாக்ட் மீ”, “ஐ ஆம் குமார்”. ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்பதும் அதே ரகம். ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்பதே சரி. சந்தேகம் வந்தால் கூட இருப்பவரை நீக்கிப் பாருங்கள். “ஷீ இன்வைட்டட் ரவி அண்ட் ஐ” என்பதில் ரவியை எடுத்தால் “ஷீ இன்வைட்டட் ஐ” என்று மிஞ்சும். காதே தீர்ப்புச் சொல்லிவிடும்.

அலுவலக ஆங்கிலத்தில் ஊறிப்போன ‘த சேம்’ பற்றியும் ஒரு வார்த்தை. “ஐ ஹேவ் அட்டாச்ட் த ஃபார்ம். கைண்ட்லி சைன் த சேம்.” இது பழைய சட்ட ஆவண நடையின் மிச்சம். “பிளீஸ் சைன் இட்” போதும்.

பிரதிப்பெயருக்குப் பயந்து பெயரை விதவிதமாக மாற்றுவதும் ஆபத்து. முதல் வரியில் ‘டாக்டர்’, இரண்டாவதில் ‘த ஃபிசிஷியன்’, மூன்றாவதில் ‘த ஸ்பெஷலிஸ்ட்’ என்று ஒரே ஆளை அழைத்தால் வாசகர் அறையில் மூன்று பேரைப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் ‘ஒரே சொல் திரும்ப வரக்கூடாது’ என்று சொல்லிக்கொடுத்ததன் விளைவு இது. ஒரு ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பிரதிப்பெயர் என்று இருக்கட்டும்.

எழுத்துப்பிழையில் இரண்டு: உடைமையைக் காட்டும் ‘இட்ஸ்’ஸில் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) கிடையாது, ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்பதன் சுருக்கத்தில் உண்டு. விரித்துப் படித்தால் வாக்கியம் பொருந்துகிறதா என்று பாருங்கள், பொருந்தினால் மேற்குறி போடுங்கள். ‘ஹூஸ்’ என்பதன் இரண்டு எழுத்துக்கூட்டலுக்கும் இதே சோதனை செல்லும்.

கடைசிச் சரிபார்ப்பு

நீண்ட ஆவணத்தில் வட்டமிட்டு மாளாது. கணினியில் தேடல் வசதியைத் திறந்து, முழுச் சொல்லை மட்டும் தேடும்படி அமைத்து, முதலில் ‘திஸ்’, அடுத்து ‘இட்’, அடுத்து ‘தே’, பிறகு ‘விச்’, கடைசியாக ‘வீ’ என்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சொல்லை மட்டும் தேடுங்கள். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்த்தால் கண் பழகி வழுக்கிக்கொண்டு போய்விடும். முழுச் சொல் அமைப்பை மறந்தால் ‘இட்’ தேடும்போது ‘வித்’, ‘சிட்டி’ எல்லாம் வந்து நிற்கும், ஆங்கில எழுத்தில் அவற்றுக்குள்ளும் அந்த இரண்டெழுத்து இருப்பதால்.

இலக்கணம் திருத்தும் மென்பொருளை மட்டும் நம்ப வேண்டாம். ‘தே இஸ்’ என்றால் அடிக்கோடு போடும். முருகனின் சாவி வாக்கியத்தை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இலக்கணத்தில் அதற்குக் குறையில்லை. எழுதிய மறுநாள் நீங்களே படிப்பது நல்லது. அதைவிட நல்லது, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, பென்சிலால் நீங்கள் வட்டமிட்ட சொற்களை மட்டும் காட்டி ‘இது யார், இது எது?’ என்று கேட்பது. அவர் தவறாகச் சொன்னாலோ, பதில் சொல்லாமல் மேல் வரிக்குக் கண்ணை ஓட்டினாலோ, விளக்கம் சொல்லத் தொடங்காமல் அந்த வட்டத்துக்குள் பெயரை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.